வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டை: மார்மன் மிஷனரிப் பிள்ளைகள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்?

வழிப்போக்கன் எழுதியது:

வணக்கம் மக்களே. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பையன்களோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பட்டை. பெயரைக் கேட்டால் "எல்டர்" என்று சொல்லிக் குடும்பப் பெயரை மட்டும் சேர்க்கிறான். எல்டராம், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. டீ வாங்கித் தரட்டுமா என்றேன், இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்று சிரித்தார்கள்.

மதச் சண்டைக்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இவர்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள்? சம்பளம் யார் தருகிறார்கள்? வீட்டோடு எப்போது பேசுவார்கள்? ஒருவன் தனியாகக் கடைக்குக்கூடப் போகக்கூடாதாமே, உண்மையா? உள்ளே இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

---

கேள்விக்குறி எழுதியது:

சம்பளமா? அவர்களே காசு கட்டிக்கொண்டு போகிறார்கள் ஐயா. கூத்தே அதுதான். பதினெட்டு வயதுப் பையனைப் பிடித்து, கைக்காசைப் போடவைத்து, இரண்டு வருடம் கதவு கதவாகத் தட்டவிட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது? சம்பளமில்லாத விற்பனைப் பிரதிநிதி. டார்கெட் உண்டு, யூனிஃபார்ம் உண்டு, லீவு மட்டும் கிடையாது.

---

பழைய பேனா எழுதியது:

நான் போய்வந்தவன். எந்த நாடு, எந்த வருடம் என்று எழுதமாட்டேன். எங்கள் வட்டம் சின்னது, இரண்டு துப்பு கிடைத்தால் ஆளைச் சொல்லிவிடுவார்கள். சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்று அழைக்க வேண்டாம் என்று 2018-ல் தலைமை கேட்டுக்கொண்டது. தலைப்பு அப்படியே இருக்கட்டும், தேடுகிறவர்கள் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள்.

ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். 2012 அக்டோபரில் வயதைக் குறைத்தார்கள். பையன்களுக்கு 19-லிருந்து 18, பெண்களுக்கு 21-லிருந்து 19. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆகிவிட்டது. மீசை முளைக்காத எல்டர்கள் வந்தது அப்படித்தான். எல்டர் என்பது ஆசாரியத்துவத்தில் ஒரு நிலை, வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெண்களை சிஸ்டர் என்போம். அந்த இரண்டு வருடமும் முதல் பெயர் கிடையாது. என் கம்பானியன் (எப்போதும் கூடவே இருக்கும் ஜோடி மிஷனரி) ஒருவனுடைய முதல் பெயர் எனக்கு ஊர் திரும்பி ஃபேஸ்புக்கில் தேடும்போதுதான் தெரிந்தது.

எங்கே போவது என்பது நம் கையில் இல்லை. பிஷப்பும் (உள்ளூர்ச் சபையின் பொறுப்பாளர்) ஸ்டேக் தலைவரும் (பல உள்ளூர்ச் சபைகளுக்குப் பொறுப்பாளர்) நேர்காணல் செய்வார்கள், டாக்டரும் பல் டாக்டரும் சான்று கொடுப்பார்கள், விண்ணப்பம் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும். அங்கே அப்போஸ்தலர்கள் என்று அழைக்கப்படும் உயர்மட்டத் தலைவர்களில் ஒருவர் விண்ணப்பத்தைப் பார்த்து இடம் குறிப்பார். முன்பெல்லாம் பெரிய வெள்ளை உறை தபாலில் வரும், குடும்பமே கூடி உட்கார்ந்து பிரிக்கும். 2018 கடைசியிலிருந்து இணையத்தில் வருகிறது. உட்டாவிலேயே இருக்கலாம், மங்கோலியாவாகவும் இருக்கலாம். எதுவானாலும் மனதைத் தேற்றிக்கொண்டு மகிழ்ச்சியாகச் சிரிக்க வேண்டும், வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு பயிற்சி மையம். பெரியது உட்டாவில் ப்ரோவோவில் இருக்கிறது. மெக்சிகோ சிட்டி, மணிலா, சாவோ பாவ்லோ, அக்ரா என்று வேறு இடங்களிலும் உண்டு. மொழி தெரிந்தவனுக்குச் சில வாரம், புது மொழி கற்க வேண்டியவனுக்கு இரண்டு மாதம் வரை. அந்த இரண்டு மாதத்தில் ஜெபம் செய்யவும், சாட்சி சொல்லவும், வழி கேட்கவும் வந்துவிடும். கடைக்காரர் வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாது.

அன்றாடம் எப்படி என்று கேட்டீர்கள். 6:30-க்கு எழுந்தே ஆக வேண்டும். அரைமணி உடற்பயிற்சி, குளியல், காலைச் சாப்பாடு. பிறகு ஒரு மணி நேரம் தனியாக வேதவாசிப்பு, ஒரு மணி நேரம் கம்பானியனோடு சேர்ந்து, புது மொழியென்றால் அதற்கும் தனி நேரம். பத்து, பத்தரைக்கு வெளியே இறங்கினால் மதியம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், பிறகு ராத்திரி ஒன்பது வரை தெருதான். மறுநாள் திட்டத்தை எழுதிவிட்டு 10:30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள், படிப்பை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது என்பதை அந்தந்த ஊருக்கேற்ப மாற்றலாம். எழுவதும் படுப்பதும் மட்டும் பெரிதாக மாறவில்லை.

வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கள், பி-டே, அதாவது தயாரிப்பு நாள். துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடி வெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அதுவும் முடிந்துவிடும், மறுபடி டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

தனியாகக் கடைக்குப் போகக்கூடாது என்பது உண்மை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஒரு பத்தியில் அடங்காது.

---

கேள்விக்குறி எழுதியது:

நன்றி பேனா. காசு விஷயத்தை மட்டும் நாசூக்காகத் தாண்டிவிட்டீர்களே?

---

பழைய பேனா எழுதியது:

தாண்டவில்லை, விரல் வலித்தது.

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்கள் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 2020 ஜூலைக்கு முன்பு 400. இரண்டு வருடத்துக்கு 12,000 டாலர். டோக்கியோவுக்குப் போனாலும் பெருவுக்குப் போனாலும் அதே தொகை. 1990-க்கு முன்பு அப்படி இல்லை. விலைவாசி ஏறிய ஊருக்கு அனுப்பினால் குடும்பம் அதிகம் கட்ட வேண்டும், மலிவான ஊரென்றால் பிழைத்தோம். அந்த அநியாயத்தைத்தான் சமப்படுத்தினார்கள். ஏழை நாடுகளிலிருந்து போகிறவர்களுக்குத் தொகை குறையும். முடியாதவர்களுக்கு உறுப்பினர்கள் தரும் மிஷன் நிதியிலிருந்து போகும். பையன்கள் சின்ன வயதிலிருந்தே உண்டியலில் சேர்ப்பார்கள்.

வாடகையை மிஷன் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் மாதாமாதம் ஒரு தொகை அட்டையில் வரும். மாதக் கடைசியில் அந்த அட்டை காலியாகிவிடும், எல்லோரும் முட்டையைச் சமைக்கும் வித்தைகளில் தேர்ந்துவிடுவோம்.

டார்கெட் பற்றி: ஒரே வரியில் இல்லை என்று சொன்னால் பொய். வாரா வாரம் எண்கள் போகும். எத்தனை பேருக்குப் பாடம் சொன்னோம், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். எண் குறைந்தால் சம்பளம் குறையாது, சம்பளமே இல்லை என்பதால். ஆனால் அக்கம்பக்கத்து மிஷனரிகள் கூடும் சோன் கூட்டத்தில் வரைபடம் போட்டுக் காட்டும்போது பின் பெஞ்சில் குனிந்து உட்காருவோம்.

---

நூலகர் எழுதியது:

எண் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2024 இறுதியில் முழுநேர மிஷனரிகள் 74,000-க்கு மேல், மிஷன்கள், அதாவது அவர்கள் வேலை செய்யும் வட்டாரங்கள், 450. அந்த ஆண்டு சபையில் புதிதாகச் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏறக்குறைய 3,08,000. வகுத்துப் பாருங்கள், ஒரு மிஷனரிக்கு வருடத்துக்கு நாலு பேர். அதுவும் சராசரி. ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், மேற்கு ஐரோப்பாவில் வருடம் முழுக்கத் தட்டி ஒருவரும் சேராமல் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

சபை 1830 ஏப்ரல் 6-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. அதே ஆண்டு சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் தம்பி சாமுவேல், சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தின் பிரதிகளைச் சுமந்துகொண்டு கிளம்பினார். அவரைத்தான் முதல் மிஷனரி என்பார்கள். 1837-ல் அப்போஸ்தலர் ஹீபர் கிம்பல் இங்கிலாந்து போனார். 1839-ல் மறுபடி கிளம்பியபோது அவருக்கும் பின்னாளில் சபைத் தலைவரான பிரிகாம் யங்குக்கும் காய்ச்சல், வீட்டில் மனைவி பிள்ளைகளும் படுக்கையில். அப்படியே வண்டியில் ஏறிப் போனார்கள். அந்தக் காலத்தில் போனவர்கள் பலர் குடும்பஸ்தர்கள். 19 வயதுப் பையன் என்ற பிம்பம் இருபதாம் நூற்றாண்டில் உருவானது. மணமாகாத பெண்களை அதிகாரபூர்வமாக அனுப்பியது 1898-ல், ஐனஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற இருவர், இங்கிலாந்துக்கு.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1853-லேயே மதராசுக்கு வந்திருக்கிறார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர். பிரசுரங்கள் அச்சடித்தார், கூட்டங்கள் போட்டார். பெரிதாக யாரும் சேரவில்லை. 1854-ல் திரும்பிவிட்டார். பணப்பையும் இல்லாமல் போ என்ற சுவிசேஷ வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கடல் தாண்டியவர்கள் இவர்கள். இன்றைய அட்டையும் வாடகை வீடும் அவர்களுக்குச் சொகுசு.

---

கேள்விக்குறி எழுதியது:

வருடத்துக்கு நாலு பேர். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உழைத்து. எந்த முதலாளியும் அடுத்த மாதமே கடையை மூடிவிடுவான். அப்படியானால் மூடாமல் இருக்கக் காரணம் வேறு. தட்டப்படுகிற கதவுக்காக இந்த ஏற்பாடு இல்லை, தட்டுகிற பையனுக்காக. அவனை வாழ்நாள் உறுப்பினராக இறுக்கிக் கட்டுவதற்கான செலவு இது. இரண்டு வருடம் ஒன்றைப் பற்றி மற்றவர்களிடம் வாதாடியவனுக்கு அதைச் சந்தேகப்பட மனம் வராது. புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

பழைய பேனா எழுதியது:

இதை மறுக்கப்போவதில்லை. எங்கள் மிஷன் பிரசிடென்டே முதல் நாள் சொன்னார்: இங்கே நீங்கள் ஞானஸ்நானம் கொடுத்தே ஆக வேண்டிய ஒரே ஆள் நீங்கள்தான் என்று. மிஷன் பிரசிடென்ட் என்பவர் மனைவியோடு மூன்று வருடம் வந்து நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். நீங்கள் சதி என்று சொல்வதை அவர் உபதேசமாகச் சொன்னார்.

இப்போது கம்பானியன் கதை.

விதி என்ன என்றால், இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும், கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். குளியலறையும் மிஷன் பிரசிடென்டுடனான நேர்காணலும் விலக்கு. ஒரே அறையில் தூங்க வேண்டும், ஒரே கட்டிலில் கூடாது. கார் இருந்தால், பின்னால் எடுக்கும்போது கம்பானியன் கீழே இறங்கி நின்று கை காட்ட வேண்டும். மழையிலும்தான். நீச்சல் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் அறிவிப்பு வரும், யார் எங்கே, யாரோடு என்று. சில நேரம் ஆறு வாரத்தில் பிரிவார்கள், சில ஜோடிகள் ஆறு மாதம் ஓடும். நாம் கேட்டு மாற்ற முடியாது.

வீட்டில் தனி அறை வைத்து வளர்ந்தவன் திடீரென்று இப்படி. சாப்பிடும்போது சத்தம் வரும் ஒருவன். விளக்கணைத்த பிறகு ஜெபத்தை இருபது நிமிடம் நீட்டும் இன்னொருவன். காலை 6:29-க்குக் கடிகாரம் அடிக்குமுன் எழுந்து பாட்டுப் பாடுகிற மூன்றாமவன். கதவில் திட்டு வாங்குவது ஒரு வாரத்தில் பழகிவிடும், அவர்கள் என்னைத் திட்டவில்லை, பட்டையைத் திட்டுகிறார்கள் என்று புரிந்துவிடும். கம்பானியன் திட்டுவது என்னைத்தான்.

வாரத்தில் ஒருநாள் திட்டமிடும் கூட்டத்தின் கடைசியில் ஒரு சடங்கு உண்டு. கம்பானியன்ஷிப் இன்வென்டரி என்போம். எதிரெதிரே உட்கார்ந்து, இந்த வாரம் உன்னிடம் எனக்குப் பிடித்தது இது, என்னை வருத்தியது இது என்று சொல்ல வேண்டும். கேட்பவன் பதில் வாதம் செய்யக்கூடாது. முதல் மாதம் இருவரும் "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவோம். பிறகு ஒருநாள் என் கம்பானியன் சொன்னான்: வீட்டு வாசலில் நான் பேச வாயெடுத்தால் நீ என் வாக்கியத்தை முடித்துவைக்கிறாய், என் உச்சரிப்பு உனக்கு வெட்கமாக இருக்கிறதா? அவனுக்கு அந்த மொழி தாய்மொழி இல்லை. நான் வெட்கப்படவில்லை, அவசரப்பட்டேன். ஆனால் அவனுக்கு அது எப்படித் தெரியும்? பத்தொன்பது வயதில் இரண்டு பையன்கள் இதை வாய்விட்டுப் பேசுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னாலும் அதிகம் பார்த்ததில்லை. கல்யாணமான பிறகு எனக்கு உதவியது பாடப்புத்தகம் இல்லை, அந்த உட்காரல்தான்.

எனவே என் கணக்கு இது: மிஷனில் கடினமான வேலை தெருவில் இல்லை, அந்த அறையில்.

---

மழைக்காலம் எழுதியது:

பேனா அண்ணா எழுதினதுக்கு நூறு லைக் போடணும். நான் சிஸ்டரா இருந்தவ. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன்.

பையன்களுக்கு மிஷன் கடமைன்னு சொல்லி வளர்ப்பாங்க. பெண்களுக்கு விருப்பம் இருந்தா போகலாம். அதனால வர்ற சிஸ்டர்ஸ் பெரும்பாலும் தானா முடிவெடுத்து வந்தவங்க. வேலை அதே வேலைதான், ஆனா சாயங்காலம் இருட்டினப்புறம் எந்தத் தெருவுக்குப் போகலாம், எந்த வீட்டுக்குள்ள நுழையக்கூடாதுன்னு எங்க மூளை எப்பவும் ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். தனியா இருக்கிற ஆண் கதவைத் திறந்தா உள்ளே போகமாட்டோம், வாசல்லயே நின்னு பேசிட்டு, எல்டர்களை அனுப்புறோம்னு சொல்லிடுவோம். எல்டர்களுக்கும் இதே விதி தலைகீழா உண்டு.

உடையும் இருக்கே. 2018 டிசம்பர் வரைக்கும் பாவாடையோட சைக்கிள். எத்தனை பாவாடை சங்கிலியில மாட்டிக் கிழிஞ்சிருக்கும்! அதுக்கப்புறம்தான் பேன்ட் போடலாம்னு விட்டாங்க. பையன்களுக்கும் 2020-ல சில இடங்கள்ல நீலச் சட்டை, டை இல்லாம போகலாம்னு அனுமதி வந்துச்சு.

இன்னொண்ணு, கதவு தட்டுறதுதான் முழு வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது வேற வழி இல்லாதப்ப செய்யறது. உறுப்பினர் ஒருத்தர் தன் நண்பரை அறிமுகப்படுத்தினா அந்த ஒரு சந்திப்பு நூறு கதவுக்குச் சமம்னு எல்லா மிஷனரிக்கும் தெரியும். மீதி நேரம் இலவச ஆங்கில வகுப்பு, வயசானவங்க வீட்டுத் தோட்டம், வீடு மாத்துறவங்களுக்குச் சாமான் தூக்குறது. நான் தூக்கின ஃபிரிட்ஜ்களை எண்ணினா நான் கூலி வேலைக்குப் போனதா நினைப்பீங்க. இப்போ பாதி நேரம் போன்லயும் ஃபேஸ்புக்லயும்தான் ஆள் தேடுறாங்களாம்.

---

வழிப்போக்கன் எழுதியது:

அடேயப்பா. எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போகிறது, நன்றி. ஒரு நடைமுறைக் கேள்வி. நம்பரைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? நான் கொடுத்துவிட்டேன்.

---

மழைக்காலம் எழுதியது:

ஹா ஹா. ஏரியா புக்ல போயாச்சு நீங்க. முன்னாடி அது தடிமனான ஃபைல், இப்போ ஆப். எந்த வீடு, யாரு, எப்போ பேசினோம், எந்தப் பாடம் வரைக்கும் வந்தாங்க, எல்லாம் இருக்கும். அந்தப் பசங்க டிரான்ஸ்ஃபர் ஆகிப் போனாலும் அடுத்து வர்றவங்க அதைப் பார்த்து உங்களைக் கூப்பிடுவாங்க. விருப்பம் இல்லைன்னா "இனி தொடர்புகொள்ள வேண்டாம், அப்படியே குறிச்சுக்கோங்க"ன்னு தெளிவாச் சொல்லிடுங்க, குறிச்சுக்குவாங்க. "அடுத்த வாரம் பார்க்கலாம்"னு மட்டும் சொல்லாதீங்க. மரியாதைக்குச் சொன்ன அந்த வார்த்தையை நம்பி நாங்க ரெண்டு பஸ் மாறி வருவோம்.

---

பாதிவழி எழுதியது:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். நான் பாதியில் திரும்பியவன்.

காரணம் பெரிய தத்துவச் சந்தேகம் எதுவும் இல்லை. தூக்கம் போய்விட்டது. காலையில் கம்பானியன் ஷூ பாலிஷ் போடும் சத்தம் கேட்டாலே வயிறு பிசையும். மிஷன் பிரசிடென்ட் கனிவாகத்தான் பேசினார், சபை ஏற்பாடு செய்த ஆலோசகரோடும் பேசினேன். கடைசியில் எல்லோரும் சேர்ந்தே வீட்டுக்குப் போ என்றார்கள். யாரும் துரத்தவில்லை.

ஆனால் விமான நிலையத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 24 மாதம் முடித்து வருகிறவனுக்குப் பலூன், பதாகை, முழுக் குடும்பமும் வரும். எனக்கு அப்பா மட்டும் வந்தார். பையை வாங்கிக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்டார். அவர் நல்லவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்தான் கஷ்டம். "எப்போது திரும்பப் போகிறாய்?" என்று கேட்பவர்கள் எல்லோரும் அன்பாகக் கேட்டார்கள், அதனால் பதில் சொல்லாமல் தப்பிக்கவும் முடியவில்லை. பெண் பார்க்கும் இடங்களில் முழு மிஷன் முடித்தாயா என்பது முதல் மூன்று கேள்விக்குள் வந்துவிடும்.

கேள்விக்குறி சொல்வதுபோல் யாரும் கட்டிவைக்கவில்லை. கயிறு எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் என் பதில். இப்போது வீட்டிலிருந்தே போய்வரும் சேவை மிஷன் என்று ஒன்று இருக்கிறது, மருத்துவமனை, உணவு வங்கி போன்ற இடங்களில். உடலோ மனமோ தாங்காதவர்களை அங்கே அனுப்புகிறார்கள். எனக்கு அப்போது அது பெரிதாக எடுத்துச் சொல்லப்படவில்லை.

---

கேள்விக்குறி எழுதியது:

பாதிவழி, உங்கள் பதிவுக்கு நன்றி. கிண்டலாக எழுதியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

---

மட்டுறுத்துனர் எழுதியது:

மார்மன் புத்தகம் சரித்திரமா இல்லையா, ஜோசப் ஸ்மித்தின் மனைவியர் எத்தனை பேர் என்று தொடங்கிய ஆறு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே மிஷனரிகளின் வாழ்க்கை மட்டும்.

---

நூலகர் எழுதியது:

மாற்றியதில் என்னுடையதும் ஒன்று, பரவாயில்லை.

மிஷன் ஆபத்தில்லாத சுற்றுலா என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட மிட் ராம்னி 1966-லிருந்து 1968 வரை பிரான்சில் மிஷனரியாக இருந்தார். மது விற்கும் நாட்டில் மது வேண்டாம் என்று சொல்லிப் பல மாதம் கதவு தட்டினார். 1968 ஜூனில் அவர் ஓட்டிய காரில் எதிரே வந்த கார் மோதியது. உடன் வந்த மிஷன் பிரசிடென்டின் மனைவி இறந்துபோனார், ராம்னியும் பலத்த காயம் அடைந்தார். தவறு எதிர் வண்டியுடையது. மனைவியை இழந்த பிரசிடென்ட் கொஞ்ச காலம் அமெரிக்கா போயிருந்தபோது, குணமான ராம்னிதான் இன்னொருவரோடு சேர்ந்து மிஷன் வேலைகளைப் பார்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு 21 வயது.

நாடுகளின் சட்டமும் உண்டு. ரஷ்யாவில் 2016 சட்டத்துக்குப் பிறகு பொது இடத்தில் மதம் பரப்பக்கூடாது. அங்கே போகிறவர்களைத் தன்னார்வலர் என்றே அழைத்தார்கள். சீனாவின் பெருநிலப்பகுதிக்கு மிஷனரிகளை அனுப்புவதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைச் சில வாரத்தில் ஊருக்குத் திருப்பினார்கள். பலர் பிறகு சொந்த நாட்டிலேயே வேறு நகரத்தில் மிச்ச மாதங்களை முடித்தார்கள்.

---

முல்லைக்கொடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. என் மகன் போன வருஷம் சேர்ந்தான். இப்போது மிஷன் போக விண்ணப்பம் போடப் போகிறேன் என்கிறான். சேர்ந்து ஒரு வருஷம் ஆகாமல் போக முடியாதாம், அதற்காகக் காத்திருந்தானாம். எனக்கு இதுவே இப்போதுதான் தெரியும்.

அவன் நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. தடுக்கவும் முடியாது, வயது வந்துவிட்டது. கோபம் இருக்கிறது, அதை இங்கே கொட்டவில்லை. எனக்கு இரண்டே கேள்வி. உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வான்? நான் அவனோடு எப்போது பேச முடியும்? கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் என்று ஒரு இடத்தில் படித்தேன், அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

---

பழைய பேனா எழுதியது:

அம்மா, முதலில் இரண்டாவது கேள்வி. நீங்கள் படித்தது பழைய விதி. என் காலத்தில் அப்படித்தான், வருடத்துக்கு இரண்டு போன், மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். 2019 பிப்ரவரியில் மாற்றிவிட்டார்கள். இப்போது வாரா வாரம் பி-டேயில் போனிலோ வீடியோவிலோ வீட்டோடு பேசலாம். பெற்றோர் சபையில் இல்லாவிட்டாலும் பேசலாம். அந்த மாற்றம் வந்தபோது எங்களைப் போன்ற பழையவர்களில் சிலர் "பையன்கள் மனம் கலைந்துவிடும்" என்று முணுமுணுத்தார்கள். எனக்குப் பொறாமைதான் வந்தது.

உடம்புக்கு: மிஷன் பிரசிடென்டின் மனைவிதான் பெரும்பாலும் முதல் தொடர்பு, அவர் நம்பர் எல்லோரிடமும் இருக்கும். மிஷனுக்கு மருத்துவ ஆலோசகர்களும் உண்டு. ஆனால் பையன்கள் சொல்லமாட்டார்கள். எண்கள் குறையுமே, கம்பானியன் வீட்டிலேயே அடைபட வேண்டுமே என்று காய்ச்சலோடு கிளம்புவார்கள். ஒருவன் படுத்தால் இருவரும் படுத்தமாதிரிதானே. அதனால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

---

பாதிவழி எழுதியது:

அம்மா, நானும் ஒன்று சொல்லலாமா? "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்பான். என் அம்மாவுக்கு நான் எல்லா வாரமும் அதைத்தான் எழுதினேன். எத்தனை மணிக்குத் தூங்கினாய், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், கம்பானியன் எப்படிப்பட்டவன், இந்த வாரம் எதற்காவது சிரித்தீர்களா என்று கேளுங்கள். கம்பானியன் பற்றிப் பேச மறுத்தால் அங்கேதான் ஏதோ இருக்கிறது. இன்னொன்று, வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம் என்று போகும் முன்பே ஒருமுறை சொல்லிவிடுங்கள். அதன் பிறகு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம், அவன் மறக்கமாட்டான்.

---

மழைக்காலம் எழுதியது:

அம்மா, கம்பானியனையும் வீடியோவில கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க. பெரும்பாலும் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பான், வேற எங்க போவான்? அந்தப் பையனோட அம்மா வேற ஏதோ நாட்டுல இருப்பாங்க. எங்க அம்மா என் கம்பானியனை "நீ சாப்பிட்டியாம்மா"ன்னு கேட்டதுக்கு அவளுக்கு மொழி புரியலை, அழுதுட்டா. அதுக்கப்புறம் ஒரு மாசம் எங்களுக்குள்ள சண்டையே இல்லை.

---

முல்லைக்கொடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாதிவழி தம்பி, உங்கள் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அவன் படிப்பு பாதியில் நிற்குமே என்பது மட்டும் உறுத்துகிறது. கல்லூரியில் இடைவிடுப்பு கேட்கலாம் என்கிறான். வேறு ஏதாவது முன்கூட்டிச் செய்ய வேண்டியது உண்டா?

---

பழைய பேனா எழுதியது:

இடைவிடுப்பை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள், வாய்வார்த்தை இரண்டு வருடம் நிற்காது. உட்டாவில் பல்கலைக்கழகங்களுக்கு இது பழகிய விஷயம், மற்ற இடங்களில் ஒவ்வொரு அதிகாரிக்கும் விளக்க வேண்டியிருக்கும். முட்டையும் பருப்பும் வேகவைக்கவும், காலர் அழுக்கைத் தேய்க்கவும், பொத்தான் தைக்கவும் கற்றுக்கொடுங்கள். ஷூவை மட்டும் மலிவாக வாங்க வேண்டாம், மற்றது எல்லாம் மலிவாக இருக்கலாம். பல் டாக்டரிடம் இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள். கடைவாய்ப்பல் பிடுங்கச் சொன்னார்கள் என்றால் ஆறும்வரை விண்ணப்பம் நகராது, என்னுடையது அங்கேதான் நின்றது.